தூய கணிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் உன் மகன், எங்கள் தம்பி, என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "அம்மப்பா, நீங்கள் ஏ.எல். சோதனையில கணக்குக்கு எத்தனை மாக்ஸ்?" நான் "ஹலோ, ஹலோ, கேக்கேல்லை ராசா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் நீட்டினேன். லைனில் ஒரு கோளாறும் இல்லை. அவன் பக்கத்து அறையில் நின்று கதைப்பதுபோலத்தான் கேட்டது. எனக்காக நீ பதில் சொன்னதும் கேட்டது. "அம்மப்பாவுக்கு யூனிவர்சிட்டி போக நாலே நாலு மாக்ஸ்தான் குறைஞ்சது. அதுவும் தரப்படுத்தலால, தமிழில எழுதினவைக்குக் கூட மாக்ஸ் கேட்டவை. அந்தக் காலத்தில லாம்பு வெளிச்சத்தில படிச்சவர். உனக்கு என்ன குறை?"

தம்பி ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்கு 61 எடுத்ததற்கு இவ்வளவு கதை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கடைசி ரயில் போய், யன்னல் கண்ணாடி ஆடி அடங்கி, பிறகு கடல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. விடியப்புறம் எழும்பி மேல்தட்டில் இருந்த பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். அம்மா "என்ன தேடுறியள்?" என்று கேட்டா. "பென்ஷன் கடிதம்" என்றேன். பார், இன்னொரு பொய்.

பிள்ளை, நாலு மாக்ஸ் கதை என்னுடையது இல்லை. அது உன்னுடைய பெர்லின் மாமாவின் கதை. நான் எடுத்து என்னுடையதாக்கிக்கொண்டேன். இதை எழுத எனக்கு ஐம்பது வருடம் எடுத்திருக்கிறது.

முதலில் சாவகச்சேரியைச் சொல்கிறேன். நீ அங்கே பிறந்தவள்தான், ஆனால் அறிந்து பார்த்தது 2002இல் ஒரு தரம். நீ பார்த்தது நான் படித்த ஊர் இல்லை. எங்கள் நாளில் கண்டி வீதியின் இரு பக்கமும் கடைகள், நடுவில் சந்தை. பலாப்பழக் காலத்தில் சந்தைக்கு இரண்டு வளவு தள்ளி வரும்போதே மணம் வந்துவிடும். மாம்பழக் காலம் என்றால் ஸ்டேஷனில் வைக்கோல் போட்டு அடைத்த பெட்டிகள் கொழும்புக்குப் போகக் காத்துக் கிடக்கும். கறுத்தக்கொழும்பான் என்று பெயர், ஆனால் இத்தனை வருடத்தில் கொழும்பில் ஒரு வளவிலும் அந்த மரத்தை நான் கண்டதில்லை. பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகிறவர்களின் வண்டிகள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசையாகப் போகும். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் யன்னலுக்கு வெளியே வண்டிகளை எண்ணுவோம்.

ஏ.எல். வகுப்பில் பெர்லின் மாமாவும் நானும் ஒரே வாங்கு. என் அப்பா தபால் கந்தோரில் உத்தியோகம். அவனுடைய அப்பா சந்தையில் கூலிக்குத் தேங்காய் உரிப்பவர். நூறு தேங்காய்க்கு இவ்வளவு என்று கணக்கு. காலையில் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் அவனும் அலவாங்கில் நின்று உரித்துவிட்டுத்தான் வருவான். உள்ளங்கையில் தும்பு கிழித்த கீறல் எப்போதும் இருக்கும். பேனை பிடிக்கும்போது அந்தக் கையைக் கொஞ்சம் சரித்துப் பிடிப்பான், அதனால் அவனுடைய எழுத்தும் இடப்பக்கம் சரிந்திருக்கும். அவன் எழுத்தை நான் இன்றைக்கும் தூரத்தில் வைத்து அடையாளம் சொல்வேன். எத்தனை வீட்டுவேலையை அதைப் பார்த்து எழுதியிருப்பேன்!

எங்கள் தூய கணித வாத்தியார் நல்ல மனிதர், நல்ல படிப்பு. அவரில் ஒரு பிழையும் சொல்ல ஏலாது. தொகையீடு தொடங்கிய அன்றைக்குப் பலகையின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரைக்கும் ஒரு கணக்கைச் செய்து முடித்து, கையில் இருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பி "விளங்கினதோ?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் "ஓம் சேர்" என்றது. நானும் "ஓம் சேர்" என்றேன். எனக்கு மூன்றாவது வரியிலேயே விட்டுப்போயிருந்தது. வகையீடு ஒரு மாதிரிப் பிடிபட்டிருந்தது. அதையே திருப்பிச் செய்வதுதான் இது என்று சொன்னபோது, ஏன் திருப்ப வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. கேட்க வெட்கம். தபால் கந்தோர்க்காரரின் மகன் கேட்பதா? அடுத்த நாள் கேட்போம் என்று விட்டேன். அடுத்த நாள் அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

அவனிடம் கேட்டிருக்கலாம். அவன் எத்தனையோ தரம் "இண்டைக்கு இரவு வாவன், செய்து பாப்பம்" என்று கூப்பிட்டான். அவன் வீட்டில் ஒரு அரிக்கன் லாம்பு, அதைச் சுற்றி நாலு சின்னதுகள். லாம்பு வெளிச்சத்தில் படித்தது அவன்தான். எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது. நான் அந்த நேரம் சந்தியில் நிற்பேன், அல்லது சைக்கிளை உழக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் ஒரு படம் பார்த்துவிட்டுத் திரும்புவேன். போக பத்து மைல், வர பத்து மைல். அந்தக் காலுக்கு அது ஒரு தூரமாகவே தெரியவில்லை. 1974 தையில் தமிழாராய்ச்சி மாநாட்டு அலங்காரங்கள் பார்க்கவும் இப்படித்தான் இருவரும் போனோம். கடைசி நாளுக்கு முன்னமே வந்துவிட்டோம், அந்த இரவில் நடந்த சாவுகளை மறுநாள் சந்தையில் சனம் கதைக்கத்தான் கேட்டோம்.

1975இல் சோதனை. தூய கணிதத் தாளைத் திருப்பினேன். முதல் பக்கத்திலேயே தொகையீடு. எனக்கு முன்னால் சரிந்த தோளோடு அவன் எழுதத் தொடங்கிவிட்டான். பேனை ஓடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் பேனையைக் கழற்றி மை நிரப்பினேன். நிரம்பி இருந்த பேனைதான். மை வழிந்து விடைத்தாளின் மேல் மூலையில் ஒரு பெரிய பொட்டாக விழுந்தது. அதை ஒற்றுத்தாளால் ஒற்றினேன். பிறகு அதன் ஓரத்தைச் சுற்றி நகத்தால் கோடு இழுத்தேன். அப்படியே அரை மணித்தியாலம் போயிருக்கும். அந்த மைப்பொட்டின் வடிவம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம், மன்னார்த் தீவு மாதிரி ஒரு பக்கம் நீண்டு இருந்தது.

பெறுபேறு வந்தபோது எனக்கு பௌதிகம் சி, இரசாயனம் எஸ், பிரயோக கணிதம் எஸ், தூய கணிதம் எஃப். ஓம் பிள்ளை, எஃப். நாலு மாக்ஸ் குறைவு இல்லை, நாற்பது குறைந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அவன் நாலு பாடமும் நன்றாகச் செய்திருந்தான். முந்திய வருடங்களில் என்றால் அந்தப் பெறுபேற்றோடு கண்ணை மூடிக்கொண்டு பேராதனைக் கம்பஸுக்குப் போயிருக்கலாம். அவனுக்குக் கடிதம் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், நான் பொய் சொன்னேன் என்பதற்காகத் தரப்படுத்தலும் பொய் என்று நீ நினைக்கக்கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழியில் எழுதியவனுக்கு 400க்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும் என்று வைத்தார்கள். 1974இல் மாவட்டத்துக்கு இவ்வளவு இடம் என்ற கணக்கும் சேர்ந்தது. மன்னாரில், முல்லைத்தீவில், மட்டக்களப்பில் வசதியில்லாத பள்ளிக்கூடங்களில் இருந்து பிள்ளைகள் உள்ளே போக அதில் ஒரு வழி திறந்தது, அது எனக்குத் தவறாகப் படவில்லை. ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளும் தேங்காய் உரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாவட்டம்தான். எங்கள் வயதுக்காரரில் எத்தனை பேர் அந்தக் கோபத்தோடு வீட்டைவிட்டுப் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும்.

பொய் பிறந்த இடத்தைச் சொல்கிறேன். அவனுக்கு இடம் இல்லை என்று தெரிந்த அன்றைக்குப் பின்னேரம் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் கூப்பிட்டு "என்னடா தம்பி, கம்பஸ் கிடைச்சதோ?" என்று அவனிடம் கேட்டார். அவன் "இல்லை அண்ணை, தரப்படுத்தல்" என்றான். அவர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பி "நீயுமோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் அரசாங்கத்தை இரண்டு வார்த்தை பேசிவிட்டு இருவருக்கும் பிளேன்டீ ஊற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு நான் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. ஊரே கதையை வளர்த்தது. கலியாணத் தரகர் "இஞ்சினியரா வந்திருக்கவேண்டிய பிள்ளை" என்று சொல்லித்தான் அம்மா வீட்டுப் படலையைத் திறந்தார். சீதனப் பேச்சில் அந்த ஒரு வசனத்துக்கு என்ன பெறுமதி என்று உன் தாத்தாவுக்குத்தான் தெரியும், பாவம். நாலு மாக்ஸ் என்ற எண் எப்போது சேர்ந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. கந்தோரில் யாரோ "எவ்வளவு குறைஞ்சது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

1979இல் கிளரிக்கல் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்தேன். மிச்சம் உனக்குத் தெரிந்ததுதான். 83 ஆடிக் கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அம்மாவும் நானும் ஒரு மேசைக்குக் கீழே படுத்தோம், நீ வயிற்றில் இரண்டு மாதம். கப்பலில் காங்கேசன்துறை. நீ பிறந்த பிறகு, அரசாங்க உத்தியோகத்தை விட மனமில்லாமல், பயந்து பயந்து திரும்பவும் இதே வெள்ளவத்தை. அவன் அதற்கு முன்னமே போய்விட்டான். இரண்டு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தான், தாயின் சங்கிலியை அடகு வைத்தான், ஏரோஃபுளோட்டில் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குக்குப் போனான். முப்பது வருடம் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. நாலு சின்னதுகளையும் அவன்தான் கரைசேர்த்தான்.

2002 சித்திரையில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபோது நாங்கள் மூவரும் வான் பிடித்துப் போனோமே. முகமாலையில் இரண்டு பக்கமும் மிதிவெடிப் பலகைகள். நீ எண்ணிக்கொண்டு வந்தாய், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாய். சாவகச்சேரி வந்தபோது ட்ரைவர் "இறங்குங்கோ" என்றார், நான் "இது எந்த இடம்?" என்று கேட்டேன். 2000இல் நடந்த சண்டை ஊரைத் தரையோடு வைத்திருந்தது. வட்டு இல்லாத தென்னைகள் தூண் மாதிரி நின்றன. பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. 95 ஐப்பசியில் யாழ்ப்பாணமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் வந்தபோது எங்கள் வகுப்பறையிலும் சனம் தங்கியதாக அப்பம்மா எழுதியிருந்தா. சுவரில் அடுப்புப் புகை படிந்த கறை இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று நீ கேட்டாய், "அப்பா, நீங்கள் இஞ்ச இருந்துதானே படிச்சனீங்கள்?" உனக்கு அடுத்த வருடம் ஏ.எல். நான் அந்த இடத்தில் வைத்து நாலு மாக்ஸ் கதையை முழுக்கச் சொன்னேன். லாம்பு, தேங்காய் உரித்த கை, எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய கை என்பதை மட்டும் மாற்றிவிட்டேன். நீ அழுதாய்.

திரும்பி வந்து நீ படித்த படிப்பு! ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் மேசையில் லைட் எரியும். நீ தூங்கி விழும்போது நான் வந்து தேத்தண்ணியை வைத்துவிட்டு "அப்பாவுக்கு நாலு மாக்ஸ்" என்று தொடங்குவேன், நீ நிமிர்ந்து இருப்பாய். அதற்கு முன்னால் நீ எந்நேரமும் படம் கீறிக்கொண்டிருந்தாய். காலி வீதி மரக்கறிக்காரி, கோயில் யானை, ரயில் தண்டவாளத்தில் காயப்போட்ட கருவாடு. அந்தக் கொப்பிகளை நீயே கட்டி மேலே வைத்துவிட்டாய். நான் வைக்கச் சொல்லவில்லை. வைக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ கட்டுபெத்தைக் கம்பஸில் இஞ்சினியர் பட்டம் வாங்கிய படத்தை ஹோலில் மாட்டியபோது, ஊரில் பறிகொடுத்ததை மகள் மீட்டுவிட்டாள் என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுதான் இதில் பெரிய பகிடி. ஒரு பொய்யை முப்பது வருடம் சொன்னால் சொன்னவனுக்கே அதில் வலி வந்துவிடுகிறது.

போன ஆவணியில் அவன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, போகும் வழியில் இங்கே இரண்டு நாள் நின்றான் அல்லவா. அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே உன் படத்தைக் காட்டி "இவருக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரித்தானே நடந்தது, அதுதான் பிள்ளையை விடாமல் படிப்பிச்சவர்" என்றா. எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. அவன் படத்தைப் பார்த்தான், பிறகு கத்தரிக்காய்க் குழம்பைப் போட்டுக்கொண்டு "ஓம், ஒரே மாதிரித்தான்" என்றான்.

பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் போய் இருந்தோம். நான் தொடங்கினேன். நாக்கு உளறியது. அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு உன்ரை ரிசல்ட் அண்டைக்கே தெரியுமடா. நீ தலையாட்டினதும் முதல்ல எரிச்சல் வந்தது. பிறகு, நான் மட்டும் இல்லை எண்டு ஒரு சந்தோஷம். தனிய நிண்டு அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சிருந்தா அழுதிருப்பன்." அப்போது தெஹிவளைப் பக்கமாக ரயில் ஒன்று போனது, அதற்குமேல் அவன் சொன்னது கேட்கவில்லை. ரயில் போன பிறகு "இது மட்டுவில் கத்தரிக்காய் இல்லை, என்ன?" என்று கேட்டான். "இல்லை, இது இங்கத்தை சந்தையில வாங்கினது" என்றேன். பிறகு கத்தரிக்காயைப் பற்றியே கதைத்தோம்.

அவன் மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவன் சொன்னது என்னை லேசாக்கவும் இல்லை. அவனுக்கு அந்தப் பொய் ஒரு பின்னேரத்துக்கு உதவியது, சரி. நீயோ அதை உன் இளமைக் காலம் முழுக்கச் சுமந்தாய். இப்போது அது தம்பியின் மேசைக்கு வந்துவிட்டது, அவன் கேட்டபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. நீ இஞ்சினியராக வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு உண்டா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பதில் உடனே எழுதவேண்டும் என்றில்லை, கோபம் வந்தால் கோபமாகவே எழுது. மருமகனிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் விருப்பம், அவர் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நாற்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு சீதனத்தைத் திருப்பிக் கேட்டால் பென்ஷன் காணாது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், அவவுக்கு எப்போதோ தெரியும் என்று. உனக்கு ஆறாம் வகுப்பில் பின்னம் சொல்லித்தரும்போதே அவ என்னை ஒரு பார்வை பார்த்தவ.

தம்பிக்கு நான்தான் சொல்லவேண்டும் என்று நீ சொன்னால் அடுத்த ஞாயிறு சொல்கிறேன். அவனுக்கு இப்போது என்ன பாடம் நடக்கிறது? அவனுடைய புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். யூடியூப்பில் தமிழில் கணக்கு சொல்லித்தரும் ஒரு பெட்டை இருக்கிறாள், நல்ல பொறுமை. மூன்று கிழமையாக இரவில் அதைப் பார்க்கிறேன். பகுதிகளாகத் தொகையிடல் வரைக்கும் வந்துவிட்டேன், அன்றைக்கு மூன்றாவது வரியில் விட்டுப்போனது இப்போது ஆறாவது வரியில் விட்டுப்போகிறது.

மேல்வீட்டுப் பிள்ளை வரும் புதன் டொரொண்டோ வருகிறாள். அவளிடம் பார்சல் கொடுத்துவிடுகிறேன். அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல் மா, பினாட்டு கொஞ்சம். தகரப் பெட்டியில் தேடியது பென்ஷன் கடிதம் இல்லை, என் பெறுபேற்றுத் தாள். அதோடு உன் படக் கொப்பிகளில் மூன்றும் இருந்தன, கறையான் தொடவில்லை. எல்லாம் மிளகாய்த்தூளுக்கு அடியில் இருக்கும். தூள் படாமல் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கண்ணில் கை வைக்காதே.

அன்புடன்,
அப்பா